பொத்தான் கண்ணி

என் டீக்கடையின் வெளிச்சுவரில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. அதன் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. இடப்பக்கம் தென்கரை, வலப்பக்கம் வடகரை. டுவாரன் ஏரியின் இரண்டு கரைகளும் இரண்டு எஸ்டேட்டுகளுக்குச் சொந்தம் என்பதால், காட்டையும் உயிர்களையும் காக்கும் ரேஞ்சர்களும் இரண்டு பேர். தினமும் வந்து சூப் குடித்துவிட்டு, அவரவர் பக்கத்தில் வானிலையையும் கண்ணில் பட்ட பறவைகளையும் மிருகங்களையும் எழுதிவிட்டுப் போவார்கள். மலையேற வந்தவர்கள் நின்று படிப்பார்கள். நின்றவர்களுக்குப் பசிக்கும். பலகை மாட்டிய காரணம் அதுதான். நான் மாட்டுத்தரகர் மகள். சுவரைக்கூடச் சும்மா நிற்கவிடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

தென்கரை ரேஞ்சர் லாக்லன் ஆர் என்னோடு ஒரே பள்ளியில் படித்தவன். அவன் எழுத்து அச்சடித்தது போல் இருக்கும். 'காலையில் வெயில். பிறகு ஆலங்கட்டி. பிறகு வெயில். தேரைகள் ஓடையைக் கடக்கின்றன. வண்டி ஓட்டுகிறவர்கள் கவனம்.' அவ்வளவுதான். எங்கள் மலைநாட்டு வசந்தத்தை அதைவிட நியாயமாக எழுத முடியாது. விடியும்போது கல்யாணப் பெண் மாதிரி சிரிக்கும் வானம், சட்டையைக் கழற்றி வேலியில் போடுவதற்குள் மாமியார் முகம் காட்டிவிடும்.

வடகரை ரேஞ்சர் யூனா, கிளாஸ்கோ பட்டணத்திலிருந்து வந்தவள். லாக்லனுக்கு மகள் வயது. அவள் எழுத்து கோணல்மாணல். 'இன்று நான்கு பருவமும் வந்தன. கோடை மட்டும் சொல்லாமல் போய்விட்டது' என்று எழுதுவாள். பக்கத்தில் குடை பிடித்த தேரை ஒன்றை வரைந்துவைப்பாள். ஜனங்கள் அவள் பக்கத்தைத்தான் முதலில் படித்தார்கள். தேரையைப் படம் பிடித்துக்கொண்டார்கள். லாக்லன் சூப்புக் கோப்பையின் விளிம்புக்கு மேலாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் சூப் ஆறிப்போகும்.

பொறாமைக்கும் பல் முளைக்கும் பருவம் ஒன்று உண்டு. முதல் வருடம் தேரை. இரண்டாம் வருடம், அந்த வசந்தத்தின் முதல் தகைவிலான் குருவியை யூனா இவனுக்கு முன்னால் பார்த்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவன் என் கடைப்பக்கம் வரவில்லை. மூன்றாம் வருடம் வந்தது விராலடிப்பான். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

விராலடிப்பான் என்றால் எங்கள் ஊரில் சும்மா ஒரு பருந்து இல்லை. ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் இங்கே வந்து, ஏரிக்குள் கால்நீட்டிப் பாய்ந்து மீனைத் தூக்கிப் போகும். எந்த ஏரியில் அது கூடு வைக்கிறதோ அந்த ஏரிக்குப் பேருந்து நிறைய ஆட்கள் வருவார்கள். எங்கள் ஏரிக்கு அது வந்ததே இல்லை.

லாக்லன் அதற்காகத் தென்கரையில், என் கடைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில், ஒரு கிழட்டு பைன் மரத்தின் உச்சியில் தன் கையாலேயே கூடு கட்டியிருந்தான். கட்டை அடித்து, குச்சி பரப்பி, பாசி திணித்து. பறவையை ஏமாற்றுவதற்கென்று இந்தத் தொழிலில் ஒரு வித்தை உண்டு. கூட்டின் ஓரத்திலும் கிளையிலும், எச்சம் போலத் தெரியும்படி, வெள்ளைப் பெயின்டைத் தெளித்துவிடுவார்கள். மேலே பறக்கும் விராலடிப்பான் அதைப் பார்த்து, 'அட, ஏற்கெனவே நம்மவர்கள் குடியிருந்த வீடு' என்று இறங்குமாம். வருடா வருடம் பனி அந்தப் பெயின்டைக் கழுவும், இவன் வருடா வருடம் ஏறித் தெளிப்பான். ஏழு வசந்தம் கழிந்தது. ஒரு காக்கைகூட ஒண்டவில்லை. வரும் இலையுதிர்காலத்தில் அவனுக்கு ஓய்வு. பச்சைக் கோட்டைக் கழற்றுவதற்குள் தன் மரத்தில் ஒரு குஞ்சு. வேறெதுவும் அவன் இந்த உலகத்திடம் கேட்கவில்லை.

யூனா போன இலையுதிர்காலத்தில், பண்ணைக்காரர் பிரிங்கிளின் டிராக்டர் உதவியோடு, வடகரையில் ஒரே மத்தியானத்தில் ஒரு கூடு கட்டினாள். பெயின்ட் தெளிக்கும்போது பாதி தன் தலையில் ஊற்றிக்கொண்டாள் என்று பிரிங்கிள் சொல்லிச் சிரித்தார்.

மார்ச்சில் ஆள்காட்டிப் பனி விழுந்து முடிந்தது. ஆள்காட்டிக் குருவிகள் வயலுக்குத் திரும்பியதும் வருகிற பனிக்கு எங்கள் பக்கம் அந்தப் பெயர். அதன் பிறகு குயில் கூவும் சமயத்தில் இன்னொரு பனி வரும். அது குயில் பனி. இரண்டும் விழுந்து தீராமல் இங்கே யாரும் கம்பளிச் சட்டையை மடித்துவைப்பதில்லை.

இரண்டு பனிக்கும் நடுவே ஒரு நாள், லாக்லனும் பிரிங்கிளும் கடைக்குள் உட்கார்ந்திருந்தபோது, யூனா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். தொப்பியில் ஆலங்கட்டி. முகத்தில் வெயில்.

"வந்துடுச்சு! என் கூட்டுல! ஆண் பறவை! உட்காந்திருக்கு!"

என் கடை ஜன்னலில் வடக்கே பார்த்தபடி ஒரு தொலைநோக்கி நிற்கும். ஏரிக்கு அக்கரையில் உள்ளதெல்லாம் அதில் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். லாக்லன் மெதுவாக எழுந்து, கண்ணாடியைத் துடைத்து, குனிந்து பார்த்தான். குனிந்தவன் நிமிரவே இல்லை.

"என்ன தெரியுது?" என்றேன்.

"கடற்காகம்" என்றான்.

பிரிங்கிள் அவனை ஒதுக்கிவிட்டுப் பார்த்தார். "ஏன்ப்பா, கால்ல மீனைத் தூக்கிக்கிட்டுப் போற கடற்காகமா? நான் பொறந்ததுல இருந்து பாத்ததில்லையே."

"இந்த வெளிச்சத்துல எதுவும் எப்படி வேணா தெரியும்."

"வெளிச்சத்துல கோளாறில்ல லாக்லா. வயித்துல."

யூனா நல்ல பெண். "நீங்களே கிட்ட வந்து பாருங்க லாக்லன், நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அதுதான் அவனைக் கொன்றது. ஏளனம் செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பான். இரக்கத்துக்கு அவனிடம் சில்லறை இல்லை.

அவள் பலகையில் 'வடகரை: விராலடிப்பான், ஆண்' என்று எழுதி மீன் ஒன்றை வரைந்துவிட்டுப் போனாள். கடை மூடும்போது பார்த்தேன். 'ஆண்' என்பதற்குப் பக்கத்தில் சிறியதாக ஒரு கேள்விக்குறி, அச்சடித்தது போல் நேர்த்தியாக.

அடுத்த நாட்களில் அந்த ஆண் பறவை செய்த கூத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நகத்தில் மீனைப் பிடித்துக்கொண்டு மேகத்துக்குள் ஏறும். அங்கே நின்று சிறகடித்துக் கத்தும். பிறகு சறுக்கி இறங்கும். பெண் தேடும் ஆண் விராலடிப்பானுக்கு அதுதான் விளம்பரம். வெயிலிலும் ஆடியது, மழையிலும் ஆடியது. பெண் ஒன்றும் வரவில்லை. லாக்லன் தொலைநோக்கியை விட்டு நகரவில்லை. அவன் முகத்தில் ஏதோ கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. அந்த மாதிரி முகங்களைச் சந்தையில் பார்த்து வளர்ந்தவள் நான். மாடு வாங்க வந்தவன் மாட்டைப் பார்க்காமல் கயிற்றைப் பார்ப்பான், அப்போது வரும் முகம்.

"நெட்டா, உனக்கு மீன் வருதே, வெள்ளையா தெர்மாகோல் பெட்டி, அதெல்லாம் என்ன பண்றே?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டான்.

"எதுக்குடா?"

"சும்மா."

"சும்மாக்கு எங்க வீட்டுல விலை ஜாஸ்தி. எதுக்கு?"

அவன் என் மஞ்சள் கம்பளிச் சட்டையையே பார்த்தான். "அந்தப் பொத்தான் ரெண்டு வேணும்."

மார்புக்கு நேராகப் பொத்தான் கேட்கிற ஆணிடம் பெண் வழக்கமாகக் கேட்கிற கேள்வியை நான் கேட்டேன். அவன் காது சிவந்துபோனது. பிறகு சொன்னான். கேட்டபின் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. அவன் ஒரு பெண் விராலடிப்பானைச் செய்யப் போகிறான். அதைத் தன் கூட்டில் உட்காரவைக்கப் போகிறான். அக்கரை மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்து இக்கரைக்கு வருவான்.

"அது யூனாவோட பறவைடா."

"பறவைக்கு எஸ்டேட் எல்லை தெரியுமா? நான் ஒண்ணும் அதோட கூட்டுக்குப் பக்கத்துல போகலையே. என் மரம், என் கூடு, என் பெட்டி."

"பெட்டி என்னோடது."

"உனக்கு என்ன வேணும் சொல்லு."

நான் யோசித்தேன். கூடு வடகரையில் அமைந்தால் பேருந்து வடகரையில் நிற்கும். என் கடை தென்கரையில் இருக்கிறது. "பொத்தான் இரவல்தான். வேலை முடிஞ்சதும் ரெண்டும் திரும்பி வரணும்" என்றேன். எங்கள் அப்பா காலத்து வழக்கப்படி உள்ளங்கையில் அடித்து முடித்துக்கொண்டோம்.

நாலைந்து நாளில் அவள் தயாரானாள். உண்மையைச் சொன்னால் அழகியாகவே இருந்தாள். முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை, கண்ணருகே கறுப்புப் பட்டை, பெண் பறவைக்கே உரிய பழுப்பு மாலை கழுத்தில். மஞ்சள் பொத்தான்கள் இரண்டும் உலகத்தையே எடைபோடுவது போல் விழித்தன. பறவை எதுவும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, வெயிலில் ஏணி சாத்தி, பாதியில் கல்மழை வாங்கி, உச்சியில் மறுபடி வெயிலோடு அவளைக் கம்பியால் கட்டிவிட்டு இறங்கினான். கைகள் நீலம் பாரித்திருந்தன. முகம் மட்டும் இருபது வயதுக்குப் போயிருந்தது.

மறுநாளே மாப்பிள்ளை ஏரியைக் கடந்தான்.

நாங்கள் கடைவாசலில் நின்று பார்த்தோம். மீனைத் தொங்கவிட்டபடி பைன் மரத்துக்கு மேல் ஒரு வட்டம், இரண்டு வட்டம், பிறகு இறங்கிவிட்டான். லாக்லன் என் கையைப் பிடித்து நசுக்கினான். அன்று பலகையில் இதுவரை எழுதாத அளவில் எழுதினான்: 'தென்கரை: விராலடிப்பான், ஜோடி.'

செய்தி பரவியது. ஆட்கள் வந்தார்கள். கூடு என் கடைக்கு நேர் மேலே இருப்பதால், கழுத்தை முறித்துக்கொண்டு பார்த்தாலும் குச்சிகளின் அடிப்பாகமும் சில சமயம் ஒரு வாலும் தவிர வேறு தெரியாது. கழுத்து வலித்தவர்கள் உட்கார்ந்து டீ குடித்தார்கள். லாக்லன் மேசைக்கு மேசை போய், பெண் பறவையின் குணநலன்களை விளக்கினான். "ரொம்ப அடக்கமானது. இடத்தை விட்டு அசையவே அசையாது" என்று ஒரு அம்மாளிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

யூனா நாலு நாள் வரவில்லை. வந்தபோது நல்ல மழை. கோட்டைக்கூடக் கழற்றாமல் அவன் எதிரே உட்கார்ந்தாள். பிரிங்கிள் பக்கத்து மேசையில், இரவெல்லாம் குட்டி போட்ட ஆடுகளோடு கிடந்த களைப்பில், ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"லாக்லன், என் கரையில இருந்து பாத்தா உங்க கூடு உள்ளங்கை மாதிரி தெரியும். தெரியுமில்ல?"

"அப்படியா?"

"உங்க பொண்ணு கண்ணு சிமிட்டல."

"தூரத்துல தெரியாது."

"நேத்து காக்கா வந்து அது தலைமேல உட்காந்துச்சு. அப்பவும் சிமிட்டல. மாப்பிள்ளை கொண்டுவந்த மீனெல்லாம் அது முன்னாடி குவிஞ்சு கிடக்கு. காக்கா தூக்கிட்டுப் போகுது. அவன் மறுபடி புடிக்கப் போறான்."

பிரிங்கிள் மெல்லுவதை நிறுத்தினார். "அப்ப அந்தம்மா..."

"தெர்மாகோல்" என்றாள் யூனா.

பிரிங்கிள் என் சட்டையைப் பார்த்தார். இரண்டு பொத்தான் இல்லாத இடத்தைப் பார்த்தார். பிறகு மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

யூனா சிரிக்கவில்லை. "அவன் என் கூட்டுல உட்காந்தவன். பெருசா, திடமா கட்டினேன். நீங்க... ஒரு மீன் பெட்டியை வெச்சு..." அன்றுதான் அவளுக்கும் பல் முளைத்ததைப் பார்த்தேன்.

"எடுத்துடுங்க" என்றாள்.

"எப்படி எடுக்கறது? இப்ப அது குடியிருக்கற கூடு. ஏறினா சட்ட விரோதம். அந்தச் சட்டத்தைச் சொல்லித்தான் உனக்கும் எனக்கும் சம்பளம்."

அதுதான் வேடிக்கை. ஒரு ரேஞ்சர் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. பறவை வரும்வரை பொம்மையை எடுக்கலாம், ஆனால் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. பறவை வந்தபிறகு எடுக்க வேண்டும், ஆனால் எடுக்க முடியாது.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்போம். குயில் வந்தது. பிரிங்கிளின் கீழ்வயலில் அது கூவியதைக் கேட்ட மறுநாள், வடக்கே மலை காணாமல் போனது. ஈரப்பனி தட்டுத்தட்டாக விழுந்தது. ஆட்டுக்குட்டிகளின் முதுகெல்லாம் வெள்ளை. மஞ்சள் பூக்கள் கழுத்தளவு புதைந்துகொண்டன. குயில் மட்டும் ஏதோ அதன் பேரில் எழுதிவைத்த பனி என்பது போல் நடுநடுவே கூவியது.

அந்தப் பனிக்குள்தான் அவள் வந்தாள். உண்மையானவள். தெற்கிலிருந்து பறந்து வந்த அலுப்போடு, ஆளில்லாத யூனாவின் கூட்டில் இறங்கினாள். தொலைநோக்கியில் பார்த்தேன். முதுகில் பனி. கழுத்தில் மாலை. வாயைத் திறந்து கத்திக்கொண்டே இருந்தாள். பசித்த பெண் விராலடிப்பான் அப்படித்தான் சோறு கேட்கும். சோறு கொண்டுவர வேண்டியவன் இந்தக் கரையில், பனி மூடிய மீன் பெட்டிக்கு ஊட்டிக்கொண்டிருந்தான்.

யூனா கடைக்கு வந்து, அங்கிருந்தே ஃபோன் பண்ணினாள். அனுமதி வழங்கும் அலுவலகத்தில் யாரையோ பிடித்து, பேசிப் பேசி, ஒரு வழி வாங்கிவிட்டாள். முட்டை இல்லாததால், உரிமம் உள்ளவர் ஒருவர் ஏறிப் பொம்மையை மட்டும் எடுக்கலாம். ஏரியின் இரண்டு கரையிலும் மரமேறும் உரிமம் உள்ளவன் ஒருவன்தான்.

"நீங்கதான் லாக்லன்" என்றாள்.

அவன் ஜன்னல் பக்கமே திரும்பி நின்றான். "பனி நிக்கட்டும். பாப்போம்."

அவள் கதவை அறைந்துவிட்டுப் போனாள். கடையில் நானும் அவனும்தான். பனியில் எந்தப் பைத்தியக்காரன் டீ குடிக்க வருவான்.

"டேய், என்னடா பாக்கறதுக்கு இருக்கு?"

"நான் எடுத்தா அவன் அக்கரைக்குப் போயிடுவான்."

"ஆமா."

"அங்கதான் முட்டை. அங்கதான் குஞ்சு. அங்கதான் பஸ்."

"ஆமா."

"ஏழு வருஷம் நெட்டா. ஒரே மத்தியானத்துல கட்டினா அவ. பெயின்டைத் தலையில ஊத்திக்கிட்டா."

"நீ எடுக்கலைன்னா அந்தப் பொண்ணு பசியோட கெளம்பிடும். அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. எதிரிக்குச் சகுனத்தடைன்னு மூக்கை அறுத்துக்கிட்டவன் கதை. சரி, நீ யோசி. நான் சூப்பைச் சூடு பண்றேன்."

அவன் கதவைத் திறந்து வாசலில் நின்றான். பனி விழும்போது ஏரி காதை அடைத்துக்கொண்டது போல் ஆகிவிடும். அந்த அமைதியில் அக்கரையிலிருந்து அவள் கத்துவது ஒரு துளி பிசகாமல் கேட்டது. நிறுத்தவே இல்லை. லாக்லன் எத்தனையோ கெட்டவனாக இருக்கட்டும், பறவை கத்துவதை அரைகுறையாகக் கேட்கத் தெரியாதவன். முழுக்கக் கேட்டான். பிறகு பலகையின் முன்னால் போய், 'ஜோடி' என்பதைக் கைமுட்டியால் அழித்தான். 'ஆண். பொம்மை ஒன்று' என்று எழுதினான்.

"ஏணியைப் புடிக்க வா" என்றான். குரலில் அவ்வளவு வெறுப்பு. யார்மேல் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

மேட்டில் ஏணியைச் சாத்தியபோது யூனாவும் வந்து சேர்ந்தாள், நான் ஃபோனில் சொன்னதும் ஏரியைச் சுற்றி வண்டி ஓட்டிவந்த வேகத்தில் மூச்சு வாங்க. வந்ததும் ஏணியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். லாக்லன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தான்.

அப்போது பனி நின்றது. எங்கள் ஊர் வானம் அப்படித்தான், முன்னறிவிப்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை. மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்து, ஏரி முழுக்க வெயில் கொட்டியது. மாப்பிள்ளை ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு நடு ஏரியிலிருந்து பைன் மரத்துக்கு வந்தான். அக்கரையில் அவள் அதைப் பார்த்துவிட்டாள். மீனைப் பார்த்தாள், மீன் போகிற திசையைப் பார்த்தாள், அதற்குப் பிறகு பெண்ணாகப் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஏரியின் மேல் நேராக வந்தாள். ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. கூட்டுக்குள் நுழைந்த வேகத்தில் குச்சிகள் எங்கள் தலையில் விழுந்தன. மேலே ஏதோ கிழிகிற சத்தம். லாக்லன் ஏணியோடு ஒட்டிக்கொண்டான். வெள்ளையாகத் துணுக்குகள் பறந்தன. பனி மறுபடி ஆரம்பித்துவிட்டது என்றே முதலில் நினைத்தேன். பிறகு 'டொக்' என்று ஒரு சத்தம். லாக்லனின் காலடியில் ஒரு தலை வந்து விழுந்தது. ஒரு கண் இருந்தது. மற்றது இல்லை.

மேலே மாப்பிள்ளை விளிம்பில் நின்று பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மீன் இன்னும் காலில் இருந்தது. அவள் பொம்மையின் மிச்சத்தை மிதித்து நின்றுகொண்டு, கழுத்தை நீட்டிக் கத்தினாள். அவன் மீனைக் கீழே வைத்தான். அவள் தின்ன ஆரம்பித்தாள்.

நாங்கள் மூவரும் மூச்சுவிடாமல் பின்வாங்கினோம். கடைவாசலுக்கு வந்து நின்றோம். லாக்லனின் வாயோரம் இரண்டு பக்கமும் துடித்தது. சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு, மாட்டுக்கு அதிக விலை கிடைத்த தரகர்கள் படுவது.

"நீ வேணும்னா..." என்று ஆரம்பித்தான்.

"பேசாதீங்க" என்றாள் யூனா. "ஒரு வார்த்தை பேசாதீங்க. மீன் பெட்டி! மீன் பெட்டிக்குக் கெடைச்சுது!" பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "அந்தத் தெர்மாகோலை எல்லாம் பொறுக்குங்க. ஏரியில குப்பை போட்ட ரேஞ்சர்னு உங்க மேல நானே புகார் குடுப்பேன்."

அவன் குனிந்து பொறுக்கினான். அவ்வளவு சந்தோஷமாகக் குப்பை பொறுக்கிய மனிதனை நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் பலகையில், 'தென்கரை: விராலடிப்பான், ஜோடி' என்று மறுபடி எழுதினான். காலையில் கடை திறந்தபோது 'ஜோடி'க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. கோணல்மாணலாக.

கம்பளிச் சட்டைகள் மடித்துவைக்கப்பட்டன. முட்டை வைத்தாகிவிட்டது என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. யாருக்குத் தெரிந்தது? யூனாவுக்குத் தெரிந்தது. எங்களுக்குக் குச்சியின் அடிப்பாகம்தான் தெரிந்தது. பேருந்துகள் வந்தன, ஆட்கள் இறங்கினார்கள், கழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள், "எங்கிருந்து பாத்தா நல்லா தெரியும்?" என்று கேட்டார்கள். நான் வியாபாரி. பொய் சொல்லலாம், ஆனால் பொருளை நேரில் பார்க்க வந்தவனிடம் சொல்லக்கூடாது. அக்கரையைக் காட்டினேன்.

யூனா வடகரையில் பலகைகளை அடித்து ஒரு பார்வைக் குடிசை போட்டாள். தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தினாள். பேருந்துகள் அங்கே போய் நின்றன. ஒரு வாரம் என் காலி மேசைகளைப் பார்த்தேன். பிறகு டீப் பாத்திரத்தையும் ரொட்டிப் பெட்டியையும் பிரிங்கிளின் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வடகரைக்குப் போனேன். லாக்லன் அதைத் துரோகம் என்றான். நான் இடமாற்றம் என்றேன்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தன் கரையிலேயே கொஞ்ச நாள் இருந்து பார்த்தான். குஞ்சு பொரித்தது என்று அக்கரையிலிருந்து யூனா ஃபோனில் அனுப்பிய செய்தியைத் தன் மரத்தடியில் நின்று படித்த அன்று, தாங்கமுடியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். குடிசையில் கூட்டம். எட்டி எட்டிப் பார்த்தான்.

"வரிசையில வாங்க லாக்லன்" என்றாள் யூனா, திரும்பிப் பார்க்காமல்.

"அது என் கூடு."

"ஆமா. இது என் குடிசை. அந்தச் சிவப்புத் தொப்பி ஐயாவுக்குப் பின்னாடி நில்லுங்க."

நின்றான். தன் ஏழு வருடப் பெருமையைப் பார்க்க, தொப்பிக்குப் பின்னால் தொப்பியாக. அவன் முகத்தில் ஓடியதைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்ததால், ஒரு டீயைக் கையில் கொடுத்துவிட்டு, வியாபாரி என்ற உரிமையில் வரிசையை மீறி நான் முதலில் குனிந்து பார்த்தேன்.

பழுப்பு மாலைக்காரி விளிம்பில் நின்றிருந்தாள். அவள் காலடியில் சாம்பல் நிறத்தில் ஒரு தலை ஆடியது. அதன் பக்கத்தில், குச்சிகளுக்கு நடுவே செருகியிருந்தது, வெயிலில் மின்னியது, என் மஞ்சள் பொத்தான். போட்டிக்காரியின் கண்ணைப் பிடுங்கித் தன் வீட்டு வாசலில் பதித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தெரியுது?" என்றான் லாக்லன்.

"என் பொத்தான்."

"குஞ்சு? குஞ்சு எப்படி இருக்கு?"

"அழகா இருக்குடா."

"நீ பாத்தது போதும், தள்ளு. நெட்டா, தள்ளுன்னு சொல்றேன்ல. எனக்கு முன்னாடி நீ எப்படிப் பாக்கலாம்?"

"வரிசை" என்றாள் யூனா.